தங்கையின் காரில் ஆறு பட்டை

பார்சலைத் தங்கை என் தறிமேல் வைத்துத்தான் பிரித்தாள். சேவூரில் எங்கள் வீடு அப்படி. கூடத்தில் முக்கால்வாசி தறி, மிச்சத்தில் நாங்கள். நான் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டபடியே எட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்புச் சிவப்பாகச் சுருட்டிய பட்டைகள் இருந்தன. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டப் பூட்டு.

"தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, தொடைக்கு நடுவுல ரெண்டு. மொத்தம் ஆறு. பந்தய வண்டியில போடற பெல்ட்டுக்கா" என்றாள்.

"உன்ன கட்டி வெக்க ஆறு போதுமா? இன்னும் ரெண்டு சேத்து வாங்கியிருக்கலாமே" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் செய்யாறு பக்கம் ஒரு செருப்புக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்துப் போகிறவள், தன் சம்பளத்தில் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். கல்யாணம் காட்சிக்குப் போக, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக என்றுதான் வாங்கினாள். பிறகு யாரோ கூப்பிட்டார்கள் என்று சென்னை போகிற வழியில் இருக்கும் பந்தய மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தாள். வீட்டில் ஓட்டுகிற சாதாரணக் காரையே கொண்டுபோய், வழிகாட்ட வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோன்களை இடிக்காமல் ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்க்கும் பந்தயம் அது. அன்றைக்குத் திரும்பி வந்தவளின் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முப்பது வயதில் ஒருத்திக்குப் புது முகம் வரும் என்று யார் நினைப்பார்கள்?

அடுத்த நிலைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் இந்த ஆறு பட்டை கட்டாயம் என்று சொல்லிவிட்டார்களாம். அதோடு இன்னொரு காரணமும் இருந்தது. வேகமாக வளைக்கும்போது சீட்டில் வழுக்கிக்கொண்டு போகிறாளாம். "ஸ்டீரிங்க திருப்பறதா, அத்த புடிச்சிகினு தொங்கறதா, நீயே சொல்லுக்கா" என்றாள்.

எனக்கு இந்தப் பந்தயமே பிடிக்காது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பட்டையைக் கையில் எடுத்ததும் பந்தயம் மறந்துபோனது.

பட்டு இல்லை, பாலியஸ்டர்தான். மூன்று விரல் அகலம். நகத்தால் கீறிப் பார்த்தேன், ஒரு இழை விலகவில்லை. சேலை எடுக்க வரும் வியாபாரி ஊடை எண்ணிப் பார்ப்பாரே, அந்தச் சின்னக் கண்ணாடி என்னிடமும் ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்தேன். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் அவ்வளவு நெருக்கம். குறுக்கே போகும் ஊடை அவற்றுக்கு அடியில் லேசான மேடாகத்தான் தெரிந்தது. இரண்டு ஓரமும் தொடக்கம் முதல் முடிவுவரை மயிரிழை பிசகவில்லை. பட்டையின் முனையை இரும்புக் கொக்கியோடு சேர்த்துத் தைத்திருந்த தையலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலும் கீழுமாகப் போய்த் திரும்பி வந்த அந்தத் தையலில் ஒரு இடத்தில்கூட நூல் தளரவில்லை, ஒரு இடத்தில்கூட இறுகிச் சுருங்கவில்லை.

இருபது வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். என் சேலையைக் கட்டிக்கொள்கிறவள் அழகாக இருந்தால் என் வேலை முடிந்தது. இதை நெய்தவரோ, முன்பின் தெரியாத ஒருத்தியின் உயிர் இதில் தொங்கும் என்று தெரிந்தே நெய்திருக்கிறார். எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல எனக்கு இருந்தது.

"இத்த நான் கட்டித் தரேன்" என்றேன். தங்கைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஆரணி ரோட்டில் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறைக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் எங்கள் தெருவுக்கெல்லாம் அண்ணன்தான். பவர்லூம் தறிகளுக்கு ஏதாவது உடைந்தால் அவரிடம்தான் ஓடுவார்கள். தங்கை சென்னையில் பழையதாக வாங்கி வைத்திருந்த பந்தயச் சீட்டை முதலில் பூட்டினார். முதுகு உயரமாக, விலாவை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் சீட்டு. பட்டைகள் நுழைய அதில் துவாரங்கள் இருந்தன. பிறகு காரின் தரையில் துளை போட்டு, அடியில் கனமான தகடு கொடுத்து, இடுப்புப் பட்டைகளுக்கும் நடுப் பட்டைகளுக்கும் போல்ட் முடுக்கினார்.

"போல்ட்டு பிச்சிகினு வருமா, அண்ணே?" என்று கேட்டேன்.

"வந்தா தரையோட சேந்துதான் வரும், போ" என்றார்.

தோள் பட்டைகள்தான் மிச்சம். அவை தோளைத் தாண்டி, சீட்டின் துவாரம் வழியாகப் பின்பக்கம் போய் எங்கேயாவது முடிய வேண்டும். பின்னால் தோள் உயரத்தில் பிடிமானம் எதுவும் இல்லை, வெறும் காற்று. எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது.

என் தறியில் பாவின் கோடியில் கட்டிய கயிறு, எதிரே நட்ட கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து, என் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு முளையில் முடியும். நெய்ய நெய்ய, குழியை விட்டு எழுந்திருக்காமலே கயிற்றைத் தளர்த்திப் பாவை விட்டுக்கொள்வேன். முளை எங்கே இருந்தால் என்ன? கயிறு கம்பத்தைச் சுற்றி வந்தாலும் இழுவை இழுவைதான், பாவு விறைப்பாக நிற்கிறது. இங்கேயும் அதே கதைதான் என்று நினைத்தேன். பட்டை சீட்டைத் தாண்டிப் பின்னால் இறங்கட்டும், பின்சீட்டுக்கு அடியில் தரையில் ஏற்கெனவே போல்ட் இருக்கிறது, அங்கே கட்டு என்றேன்.

"அவ்ளோ கீழயா?" என்று தங்கை இழுத்தாள். பார்சலோடு வந்த காகிதத்தில் ஏதோ படம் போட்டிருக்கிறது, வீட்டில் இருக்கிறது, பார்த்துவிட்டு வரலாமா என்றாள்.

"படம் பாத்துகினா நான் தறி பூட்டனேன்? ஜல்தியா ஏறி உக்காரு, அளவு பாக்கணும்" என்று அதட்டினேன். எங்கள் வீட்டில் கயிறு, முடிச்சு, இழுவை என்றால் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பட்டறை அண்ணனும் தலையாட்டினார். அவரும் இரண்டு தறி வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவர்.

கட்டி முடித்தோம். தங்கை உட்கார்ந்து ஆறு முனைகளையும் வட்டப் பூட்டில் ஒவ்வொன்றாகச் சொருகினாள். ஒவ்வொன்றும் டக், டக்கென்று விழுந்தது. பட்டைகளை இறுக்கினாள். அசையச் சொன்னேன், அசைய முடியவில்லை. பிறகு பூட்டின் தலையைப் பிடித்து ஒரு திருகு திருகினாள். ஆறும் ஒரே நேரத்தில் விடுபட்டு விழுந்தன. எனக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை கட்டு கட்டிவிட்டு, ஒரு திருகில் அத்தனையையும் விடுகிறதே என்று மறுபடி மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்தேன். பட்டறை அண்ணனும் வேலையை விட்டுவிட்டு ஒரு தடவை தானே உட்கார்ந்து திருகிப் பார்த்தார்.

காரோடு வந்த பழைய பெல்ட்டைக் கழற்றவில்லை. ரோட்டில் போகும்போது அதுதான். ஆறு பட்டைக்குள் இருந்துகொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டு முனையில் எட்டிப் பார்த்துத் திரும்ப முடியுமா?

பந்தய நாளன்று நானும் கூடப் போனேன். என் கைவேலையை நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசைதான், வேறென்ன.

அங்கே ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு காரையும் பரிசோதிக்கிறார்கள். எங்கள் காருக்கு வந்தவர் ஒல்லியாக, கழுத்தில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு, அறுபதைத் தாண்டியவராக இருந்தார். முழங்காலில் உட்கார்ந்து போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். இடுப்புப் பட்டையை இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பின்பக்கம் தலையை விட்டுத் தோள் பட்டைகளைப் பார்த்தார். தலையை வெளியே எடுக்க வெகுநேரம் ஆனது.

"இது யாருங்க கட்டனது?"

"நான்தான்" என்றேன். தறி, கம்பம், முளை எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீங்களே கொஞ்சம் உள்ள உக்காருங்கம்மா" என்றார்.

புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தங்கை பட்டைகளைப் பூட்டி இறுக்கினாள். அவர் பின்பக்கம் போய், தரைக்குப் போகும் தோள் பட்டைகள் இரண்டையும் கையால் பிடித்து மெதுவாக இழுத்தார். என் இரண்டு தோளும் கீழே இறங்கின. கழுத்திலிருந்து இடுப்பு வரை யாரோ என்னை மேலிருந்து அமுக்குவது போல இருந்தது.

"வண்டி எங்கியாவது மோதி நின்னா, ஆளு முன்னால போவாங்க. பட்டை அவங்கள பின்னால புடிக்கணும். இது பின்னால புடிக்கல, கீழ அமுக்குது. தெரியுதுங்களா?"

"தெரியுது" என்றேன்.

"நீங்க சொன்னீங்களே, கயிறு கம்பத்த சுத்திகினு வருதுன்னு. அந்த கம்பத்துமேலதான பாரம் எல்லாம் வருது? இதுல கம்பம் எது?"

"சீட்டு" என்றேன்.

"சீட்டு வளைஞ்சிடும். அதுக்கப்புறம்?"

அவர் பட்டைகளை விடவில்லை. நான் பதில் தேடவே வேண்டியிருக்கவில்லை. என் முதுகு முழுக்க அந்தப் பதில் நின்றது. கம்பம் என் முதுகெலும்பு. கொஞ்ச நேரத்தில் இந்தச் சீட்டில் உட்காரப் போகிறவளின் முதுகெலும்பு. அதைச் சுற்றித்தான் நான் கயிறு கட்டி, பலமாக இருக்கிறதா என்று வேறு இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

தங்கைதான் பூட்டைத் திருகி என்னை விடுவித்தாள்.

அவர் திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. முன்சீட்டுகளுக்குப் பின்னால், தோள் உயரத்தில், இரண்டு பக்கத் தூண்களுக்கும் குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போட வேண்டும், பட்டை அதுவரை நேராகப் போக வேண்டும், கொஞ்சம் சரிவு இருக்கலாம், அதற்குமேல் கூடாது என்று ஒரு அட்டையின் பின்புறம் படம் போட்டுக் கொடுத்தார். தங்கை அன்று ஓட்ட முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் ரோட்டைப் பார்த்தே ஓட்டினாள். ஆற்காடு தாண்டியதும், "வுடுக்கா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றாள். நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. பந்தயம் போனதற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பார்சலில் வந்த காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் கட்டியது போலவே ஒரு படம் போட்டு, அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தது.

மறுபடி பட்டறைக்குப் போனபோது அண்ணனிடம் அட்டையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றேன். "இன்னாம்மா, இன்னிக்கி அதட்டலே காணோம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகமும் மாறியது. தலையாட்டியவர் அவரும்தானே.

அந்தக் குழாயைப் போட நான்கு நாள் ஆனது. கனமான குழாய், காரின் பழைய பெல்ட் மாட்டியிருக்கும் பக்கத் தூணில் கெட்டியான இடத்தோடு பொருந்தும் தகடு, போல்ட். தங்கையைச் சீட்டில் உட்கார வைத்தோம். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு ஜரிகை நூலை அவள் தோளிலிருந்து சீட்டுத் துவாரம் வழியாகக் குழாய்வரை விறைப்பாக நீட்டிப் பிடித்தேன். வெயிலில் நூல் மின்னியது, சரிவு பளிச்சென்று தெரிந்தது. அட்டையை அதன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். அண்ணன் குழாயை ஒரு விரல் ஏற்றினார், அரை விரல் இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான் நூலை விடவே இல்லை. பட்டையைக் குழாயில் சுற்றி, மூன்று கம்பி வைத்த கொக்கியில் முன்னும் பின்னும் நுழைத்து, மடித்து மறுபடி நுழைத்து இறுக்க வேண்டும். இந்தத் தடவை காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு நுழைத்தேன். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை நுழைத்தேன். பேஜார் பண்ணாதே என்று தங்கை சொல்லச் சொல்ல, நாலாவது தடவையும் பிரித்தேன்.

அடுத்த பந்தயத்தில் அதே பெரியவர் வந்தார். பின்பக்கம் தலையை விட்டார். தலையை எடுத்தபோது "ம்" என்றார். காரில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். எனக்கு அந்த ஒரு எழுத்தே போதுமானதாக இருந்தது.

தங்கை இரண்டு தடவை ஓட்டினாள். நன்றாகத்தான் ஓட்டினாள் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. கடைசி வளைவில் கார் திரும்பவில்லை. ஸ்டீரிங் திரும்பியது, சக்கரம் திரும்பியது, கார் மட்டும் நேராகப் போனது. ஓரத்தில் அடுக்கியிருந்த டயர் சுவரில் முகத்தைக் கொடுத்து மோதியது. முன்பக்கம் மடிந்து மேலே எழுந்தது, புகையோ தூசியோ பரவியது, பிறகு ஒன்றும் அசையவில்லை.

நான் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று, குழாய், தகடு, போல்ட், கொக்கி, மடித்து நுழைத்த பட்டை என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் தொட்டுக்கொண்டிருந்தேன். சாமியைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

கண்ணாடி வழியாக ஒரு கை தெரிந்தது. கை வயிற்றருகே பூட்டுக்குப் போனது, ஒரு திருகு. ஆறு பட்டையும் விழுவது அங்கேயிருந்தே எனக்குத் தெரிந்தது. கதவு திறந்தது. தங்கை இறங்கினாள், இரண்டு காலில் நின்றாள், என்னைப் பார்த்து நடந்து வந்தாள்.

"கோன் ஒண்ணுகூட இடிக்கலக்கா, பாத்தியா?" என்றாள்.

அறைந்திருப்பேன். அதற்குள் டாக்டர் வந்துவிட்டதால் தப்பித்தாள்.

அங்கேயே டாக்டர் பார்த்தார், பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே படமும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை, வலி இருக்கும், இரண்டு நாள் படுக்கட்டும் என்றார்கள். கார்தான் போய்விட்டது. நாங்கள் மைதானத்துக்குத் திரும்பி, அதைத் தூக்க வண்டி வந்தபோது பெரியவர் ஒரு பெரிய கத்தரிக்கோலோடு வந்து, "பட்டைய வெட்டிடுங்கம்மா" என்றார்.

எனக்கு மனசு வரவில்லை. ஒரு பிசிறு இல்லை, ஒரு கறை இல்லை, புதுசு. அறுந்த ஜரிகையைக்கூட வீணாக்காத வீடு எங்களுடையது.

"அது இழுபட்டுடுச்சிங்க. இழுபடறதுக்குத்தான் அத்த நெய்ஞ்சாங்க. ஒரு தடவதான் இழுபடும். அடுத்த தடவ வேற யாரும் போட்டுடக் கூடாது" என்றார்.

வெட்டினேன். அந்த நெசவு கத்தரிக்கோலுக்கு லேசில் வழிவிடவில்லை. துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள். தங்கை குளிக்கப் போனாள். நான் தறியோரம் உட்கார்ந்து, முந்தானையை அவிழ்த்து, வியாபாரிக் கண்ணாடியை எடுத்தேன். கொக்கிக்கு வெளியே தொங்கிய முனையில் இழுவை படவில்லை, அங்கே ஊடை எண்ணினேன். பிறகு அவள் தோளைப் பிடித்திருந்த இடத்தில் எண்ணினேன். அதே அளவு கண்ணாடிக்குள் இரண்டு ஊடை குறைந்தது. பாவு முழுக்க, ஒரு இழை மிச்சமில்லாமல், நீண்டு கொடுத்திருந்தது. ஒன்றுகூட அறுபடவில்லை. எல்லா இழையும் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, அவளை மெதுவாக நிறுத்தியிருக்கின்றன. முன்பின் தெரியாத அந்த நெசவாளியை நினைத்து அந்தத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

தங்கை வந்து பாயில் குப்புறப் படுத்தாள். சட்டையை விலக்கினால், இரண்டு தோளிலும் மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்புத் தடம். தைலத்தை ஊற்றித் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டிருந்த கை, தானாகக் கழுத்துக்குக் கீழே துருத்தியிருந்த முதல் எலும்புக்குப் போனது. பாவில் எங்காவது இழை அறுந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் விரல் நுனியால் தடவிக்கொண்டே போவோம். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது. அப்படித்தான் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

"இன்னாக்கா, எண்ணிகினு இருக்கியா?" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

"பேசாத. நடுவுல வுட்டுடுவேன்."

இடுப்புவரை வந்தேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கையை எடுக்காமல் மறுபடி கழுத்துக்குப் போய், முதலிலிருந்து ஆரம்பித்தேன்.